கால் கழுவிட்டு வா

பேரை மட்டும் கேட்காதீங்க அக்கா.

பாப்பா, பாப்பா என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தீங்க. திரும்பினாளா? மாட்டாள். ஆற்று இரைச்சல் ஒரு பக்கம். அது போக, இந்தக் கரையில் எத்தனை பாப்பா இருக்கு, அவள் எதற்குத் திரும்ப வேண்டும்? நனைகிறாள்தான். எனக்கும் கண் இருக்கு. அரைமணி நேரமாக அந்த மருத மரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எழுந்து போய்க் கூட்டி வரலாம் என்றால், சின்னவன் இப்போதுதான் என் மடியில் கண் அசந்தான். அசைத்தால் ஊரைக் கூட்டிவிடுவான். நீங்க போய்க் கையைப் பிடித்தாலும் வர மாட்டாள். ஒரு தரம் தெரியாத ஆள் கையைப் பிடித்து வந்தவள், அதோடு சரி.

நீங்க முதலில் உள்ளே வந்து உட்காருங்க. உங்க தார்ப்பாய் ஒழுகுவதை உங்க வீட்டு அண்ணாச்சி வந்து பார்க்கட்டும். ஆம்பிளைகள் எல்லாம் கோயிலுக்குக் கிடாவைப் பிடித்துக்கொண்டு போயிருக்காங்க, எங்கள் அத்தையும் கூடவே போயிருக்காங்க. இருட்டுவதற்குள் வந்துவிடுவாங்க. இந்தப் பக்கம் வாங்க, அந்த மூலையில் சொட்டும்.

முதல் தடவை வருகிறீங்க, இல்லையா? பேச்சு மதுரைப் பக்கம் மாதிரி இருக்கு. அப்போ உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பாரஸ்ட் செக்போஸ்ட்டைத் தாண்டிக் காட்டுக்குள் வந்துவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லாரும் சாமிதான். என் வீட்டுக்காரர் சாமி, கொழுந்தன் சாமி, மாமியார் சாமி, மடியிலேயே மோண்டு வைக்கிற இவனும் சாமி. "பேரை ஒரு தரம் கேட்டாப் போதும், அது படிச்சு வச்சுக்கிடும். பெறகு நம்ம குரல்லயே கூப்பிடும்" என்பாங்க அத்தை. அது என்றால் எது என்று கேட்டால், ஆற்றுப் பக்கம் ஒரு பார்வை. அதுதான் பதில்.

எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. கூப்பிட வேண்டியதில்லை பாருங்க. எனக்குச் சின்ன வயதில் இருந்தே சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் வாசிப்பார். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நான் சொல்வேன். எனக்குக் கேட்கும், பக்கத்துப் பிள்ளைக்குக் கூடக் கேட்காது. ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். அஞ்சாவதோடு நின்றுவிட்டேன். அந்த ரிஜிஸ்தரைப் பார்த்தால் பாதி நாள் நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன். பீடி சுற்றுகிறவளுக்குச் சத்தம் எதற்கு? தட்டை மடியில் வைத்துக் குனிந்தால் பொழுது போய்விடும்.

இப்போது உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே, எனக்கே ஆச்சரியமாக இருக்கு. மழைக்கு ஒதுங்கினவங்க, நாளைக்கு அவங்கவங்க வேனில் ஏறிப் போய்விடுவோம். அதனால் வருகிறதோ என்னவோ.

கல்யாணமாகிப் பதினோரு ஆடி அமாவாசை வந்துவிட்டேன் இந்தக் காட்டுக்கு. முதல் வருசம் டென்ட் எங்கே? பனையோலை கொஞ்சம், அத்தையின் பழைய சேலை இரண்டு, என் சேலை ஒன்று. நாலு கம்பு நட்டுச் சுற்றிவிட்டால் வீடு. ஆடி மாதத்து மலையை நம்பவே கூடாது அக்கா. துணி காயப்போடச் சொல்லி வெயில் அடிக்கும். போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சாரல். சாரல்தானே என்று அடுப்பைப் பற்றவைத்தால் காற்று. காற்று நின்றுவிட்டது என்று நிமிர்ந்தால், மேகம் இறங்கி எதிரே நிற்கிற ஆளைக் காணோம். நாங்கள் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருப்போம். என் கொழுந்தன் ஒரு தம்ளரை நீட்டிப் பிடித்து, "மைனி, உங்க சேல மழைய வடிகட்டித் தருது. குடிச்சுப் பாருங்க, தண்ணி சுத்தமா இருக்கு" என்பார். ஒழுகினாலும் ஒன்று. அதற்கு வாசல் என்று எதுவும் கிடையாது. சேலையைத் தூக்கினால் உள்ளே, விட்டால் வெளியே. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை.

கோயிலில் சாஸ்தாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அம்மன் இருக்கிறதே, பார்த்தீங்களா? இடப்பக்கத்து அம்மனிடம் நேர்ந்துகொண்டுதான் இவள் பிறந்தாள். இவள் என்று சொல்லிவிட்டேனா? என் பிள்ளை பிறந்தாள். அந்த அம்மன் பேரைத்தான் வைத்தோம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இந்த டென்ட் வந்தது இரண்டு வருசத்துக்கு முன்னாடி. கொழுந்தன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அங்கிருந்து வாங்கி வந்தார். கம்பை எதில் சொருகுவது என்று தெரியாமல் மூன்று ஆம்பிளைகள் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டாங்க. கடைசியில் நின்றுவிட்டது. அத்தை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாங்க. "என்னலே இது, தூக்குச்சட்டிக்கு மூடி போட்ட மாதிரி இருக்கு. உள்ள போனா மூச்சு வருமா?" என்றாங்க. உள்ளே போய் ஒரு நிமிசம் படுத்துப் பார்த்தாங்க. வெளியே வந்தபோது ஆளே மாறியிருந்தாங்க. "பத்து வருசத்துக்கு இது தாங்கணும். சகதிக் காலோட ஒருத்தரும் உள்ள வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

அந்த வருசம், அமாவாசைக்கு முந்தின நாள். என் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது, இவன் கைக்குழந்தை. காலையில் நல்ல வெயில். டென்ட்டைச் சுற்றித் தண்ணீர் ஓட அவங்க அப்பா வாய்க்கால் வெட்டினார். அவளும் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு கூடவே வெட்டினாள். வெட்டினாளோ, சகதியை அள்ளித் தன்மேல் அப்பிக்கொண்டாளோ. அதற்குப் பிறகு எல்லாரும் கோயிலுக்குப் போனாங்க. மேகம் இறங்கியது. அவள் கால் கழுவ ஆற்றுக்குப் போனாள்.

போனவளைக் காணோம்.

கோயிலில் இருந்து ஓடி வந்தாங்க. என் வீட்டுக்காரர் கரையில் நின்று கத்தினார். "சாமியோய்!" கொழுந்தன் அந்தப் பக்கம் போய்ச் "சாமியோய்!" எதிர்க்கரைப் பாறை திருப்பிச் சொன்னது. ஒவ்வொரு குடிசையிலும் தலை நீண்டது. "என்ன சாமி?" "யாரு சாமி?" "இங்கன இருக்கேன் சாமி!" ஐந்நூறு பேர் பதில் சொன்னாங்க அக்கா. இவர் அழுதுகொண்டே, "நீங்க இல்ல சாமி, எங்க சாமியக் காணும் சாமி" என்கிறார். கேட்கிறவங்களுக்கு யாரைத் தேடுகிறோம் என்றே புரியவில்லை.

நான் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை ஓடி வந்து என் வாயைப் பொத்திட்டாங்க.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். மேகத்துக்குள் இருந்து பச்சைச் சேலை கட்டின ஓர் அம்மா, கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தாங்க. "இந்தச் சாமி யாரு வீட்டுச் சாமி?" என்றாங்க. அவங்க அப்பா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அத்தை திருநீறு பூசினாங்க. எனக்கும் தூக்கக் கை வந்தது. அதற்குள் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. பார்த்துச் சொன்னது, "எல்லாரும் கூப்பிட்டாக. ஒன் சத்தம் மட்டும் கேக்கவே இல்லயே."

கை கீழே இறங்கிவிட்டது.

நீங்களே சொல்லுங்க. என் பிள்ளைக்குத் தெரியாதா, எனக்குச் சத்தம் வராது என்று? ஆறு வருசம் என்னோடு கிடந்த பிள்ளை அப்படிக் கேட்குமா?

அப்போது தோன்றியது இன்னும் போகவில்லை. நாங்கள் சாமி, சாமி என்று கூப்பிட்டோம். ஏதோ ஒரு சாமி வந்துவிட்டது. என் பிள்ளையை அவள் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடவில்லையே. அவள் எப்படி வருவாள்?

சிரிக்காதீங்க. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சிரித்தார். "காட்டுல ஆள் மாத்திக் குடுக்காகன்னா, உன்னயக் கொண்டு போயி வாய் பேசுத ஒண்ணா மாத்திட்டு வந்திருப்பேனே" என்றார். அவர் பகலெல்லாம் கட்டட வேலையில் சித்தாள்களோடு நிற்கிறவர். வீட்டில் நான்தானே பார்க்கிறேன்.

என் பிள்ளைக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. வந்தவளுக்கு அந்தப் பல் இல்லை. எங்கே என்று கேட்டால், "விழுந்துட்டு." அவ்வளவுதான். என் பிள்ளை தூங்கும்போது காலைத் தூக்கி என் மேல் போடுவாள், மூச்சு முட்டும். இவள் சுவரைப் பார்த்து ஒருச்சாய்ந்து படுக்கிறாள். என் பிள்ளை எம்மா எம்மா என்று ஒரு நாளைக்கு நூறு தரம் உயிரை வாங்குவாள். இவள் பக்கத்தில் வந்து நின்று காத்துக்கிடப்பாள், நானாக நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும். என் பிள்ளையைக் கால் கழுவச் சொன்னால் ஒப்பாரி வைப்பாள். இவள் பத்துத் தரம் கழுவுகிறாள் அக்கா. வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் கழுவுகிறாள், வாசலில் நின்று குனிந்து பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், மறுபடியும் போய்க் கழுவுகிறாள்.

முழங்காலில் தழும்பு இருக்கு. ஆமாம், அதே இடத்தில்தான். தழும்பு என்ன, பார்த்து வைத்துக்கொள்ள முடியாதா?

டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க, "உங்க மக 'உள்ளேன் டீச்சர்'னு சொன்னா, பக்கத்து வகுப்புப் பிள்ளையெல்லாம் எந்திரிச்சு நிக்கி" என்று. பெருமையாகத்தான் சொன்னாங்க. என் வயிற்றில் பிறந்ததற்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வரும்?

மற்றவங்க எல்லாரும் ஊரில் இவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நான் கூப்பிட மாட்டேன். ஏட்டி என்பேன், ஏ பிள்ளே என்பேன். இரண்டு வருசமாக ஒரு தரம் கூட அந்தப் பேர் என் வாயில் வரவில்லை. அது இந்தக் காட்டுக்குள்ளே நிற்கிற பிள்ளையோட பேர். அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் தூக்கி இவளுக்குக் கொடுத்துவிட்டால், அவள் எதைக் கேட்டு வருவாள்?

போன வருசம் வந்தபோது அவளுக்கு ஒரு கவுன் வாங்கி வந்தேன். ஊதாவில் வெள்ளைப் பூப் போட்டது. அவளும் வளர்ந்திருப்பாளே, அதனால் ஏழு வயது அளவுக்கு வாங்கினேன். ஆற்றோரம் ஒரு கிளையில் தொங்கவிட்டேன். நேர்ச்சை என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனாங்க. இவள் மட்டும் என் பின்னாலேயே வந்து நின்று, "அது யாருக்கும்மா?" என்றாள். ஒரு சாமிக்கு என்றேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்கும் அந்த அளவுதாம்மா" என்றாள்.

இந்த வருசமும் கொண்டு வந்திருக்கேன். அந்தக் கட்டைப்பையில் அடியில் இருக்கு. ஆனால் துணியைத் தொங்கவிட்டு ஆகப்போவது என்ன? செக்போஸ்ட்டில் சொன்னதைக் கேட்டீங்கதானே? அடுத்த வருசத்தில் இருந்து தங்க விட மாட்டாங்களாம். காலையில் வந்து கும்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டுமாம். அத்தை தலையில் அடித்துக்கொண்டாங்க, "பத்து வருசத்துக்கு வாங்குன டென்ட்டாச்சே!" என்று. எனக்கு வேறு கவலை. நாளைக்கு வேன் ஏறிவிட்டால், அவ்வளவுதான். கூப்பிடுவதானால் இன்றைக்குத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு அவள் வந்துவிட்டால், இவள்? இவளைக் கொண்டு போய் எங்கே விடுவது? அதைத்தான் காலையில் இருந்து நினைத்துக்கொண்டிருக்கேன்.

என்ன கேட்டீங்க?

ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக ஆற்றுக்கு யார் அனுப்பினது என்றா?

யாரும் அனுப்பலை. அவளாகத்தான் போனாள்.

சாரல் விழுந்தது. நான் இங்கேதான், நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அந்த இடத்தில்தான் உட்கார்ந்து இவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டாங்க. இவள் வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் சொட்டச் சொட்ட. முழங்கால் வரைக்கும் சகதி. "எம்மா, உள்ள வரட்டா?" என்றாள்.

வா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அத்தை வந்து டென்ட்டைப் பார்த்தால் ஏசுவாங்களே என்று இருந்தது. புது டென்ட்டு. "இந்தக் காலோட வராத. கால் கழுவிட்டு வா" என்றேன். அவள் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தாள். நான் ஜிப்பை இழுத்துவிட்டேன்.

சாரல் உள்ளே அடித்தது அக்கா. கைக்குழந்தை. அதனால்தான் இழுத்தேன்.

கொஞ்ச நேரம் அவள் நிழல் துணியில் தெரிந்தது. பிறகு இல்லை.

அத்தை வாயைப் பொத்தினாங்க என்றேனே. பொத்தினாங்கதான். ஆனால் அது எல்லாரும் வந்த பிறகு. அதற்கு முன்னால் அரை மணி நேரம் நான் தனியாகத்தான் நின்றேன், வெளியே, இதே வாசலில், இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு. எங்க வீட்டு ஆள் என்னைத் தவிர யாரும் இல்லை. பொத்த ஒரு கை இல்லை. வாயைத் திறந்தேன். திறந்து திறந்து மூடினேன். அவள் ஆற்றங்கரையில்தான் எங்கேயோ நின்றிருப்பாள், ஒரு சத்தம் கேட்டால் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருப்பாள். பக்கத்துக் குடிசைக்காரங்க திரும்பிப் பார்ப்பாங்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது அக்கா. பிள்ளையைக் காணோம், எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவளுக்குத் தெரியும். அதனால்தான் இவளைப் பார்க்கவே எனக்கு…

மேகம் இறங்குது பாருங்க.

அந்த மருத மரம் தெரியுதா உங்களுக்கு? எனக்கு அடிமரம்கூடத் தெரியலை. இப்போதுதானே நின்றாள்? சாம்பல் கரைத்து ஊற்றின மாதிரி இருக்கே. அக்கா, நீங்க அந்த ஓரமாகப் பாருங்க. நிற்கிறாளா? ஆறு வேற சத்தம் மாறிக் கேட்குதே. மேலே மழை பெய்திருக்கும், தண்ணீர் ஏறுது.

இவனைக் கொஞ்சம் வாங்கிக்கோங்க. அழுதால் அழட்டும்.

இந்த ஜிப் ஒன்று, அவசரத்துக்குப் பாதிக்கு மேல் திறக்காது. இதோ, வந்துவிட்டது.

"பொ…"

கேட்டுதா? பக்கத்தில் இருக்கிற உங்களுக்கே கேட்கலையா?

"பொற்கல…"

இல்லை, இல்லை, நீங்க கூப்பிடாதீங்க அக்கா. கையெடுத்துக் கும்பிடுறேன். நான்தான் கூப்பிடணும். அது படித்தால் படித்துக்கொள்ளட்டும். ஐந்நூறு பேரும் திரும்பிப் பார்க்கட்டும்.

"பொற்கலை! ஏ தாயி, பொற்கலை! எம்மா கூப்பிடுதேன், பொற்கலை!"

இருங்க. பேசாதீங்க. கேளுங்க.

"எம்மா! கால் கழுவிட்டேன். உள்ள வரட்டா?"

எந்தப் பக்கம் இருந்து கேட்டுது? மரத்துப் பக்கமா, ஆற்றுப் பக்கமா? எனக்கும் பிடிபடலை. முகம் இன்னும் தெரியலை. கால் மட்டும் தெரியுது. கழுவின கால். மரத்தடியில் நின்றவள் கையில் செருப்பு இருந்ததே, இருக்கா? பாருங்க, செருப்பு…

வேண்டாம். பார்க்க வேண்டாம் அக்கா.

"கழுவாட்டியும் ஒண்ணுமில்ல தாயி! அப்படியே வா! சகதியோட வா!"

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. அந்தக் கட்டைப்பையை இப்படித் தள்ளுங்க, அடியில் கவுன் இருக்கு. பிள்ளை நடுங்கிக்கொண்டு வரும்.